இடியப்பக்கார நாகேஸ்வரியின் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பு முழுவதற்கும் இடியப்பம் அவித்துக் கொடுப்பவர் நாகேஸ்வரி. சொந்த ஊர் யாழ்ப்பாணம், சொந்தத் தொழில் விடுப்புக் கேட்பது என்று ஆட்கள் சிரிப்பார்கள். யார் வீட்டில் என்ன கறி, யாருடைய மகனுக்கு விசா சரிவந்தது, எல்லாம் கேட்பார். கேட்காவிட்டால் மனுசிக்குச் சாப்பாடு செமிக்காது.

அப்படிக் கேட்கப் போய்த்தான் மூன்றாம் மாடித் தனுஷியாவின் வீங்கிய கன்னத்தைக் கண்டார்.

"கதவிலை இடிச்சுப்போட்டுது அன்ரி."

"எந்தக் கதவு?"

அந்தப் பிள்ளையால் ஒரு கதவையும் காட்ட முடியவில்லை. அழுதது. புருஷன் வினோதன் அடிக்கிறவன் என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது. மத்தியானமே நாகேஸ்வரியும் அவளும் பொலிசுக்குப் போனார்கள்.

போன பிறகு என்ன நடக்கும் என்பது தெரியாமல்தான் தனுஷியா இவ்வளவு காலமும் பயந்திருந்தாள். நாகேஸ்வரிக்கும் தெரியாது. ஆனால் தெரியாததைக் கேட்க அவர் என்றைக்கு வெட்கப்பட்டார்? பெண் பொலிஸ் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதியபோது, "பிள்ளைக்கு விளங்காததுக்கு எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?" என்றார். தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் வந்து வாசித்துக் காட்டினார். "கன்னத்தை ஆர் பாக்கிறது?" என்று நாகேஸ்வரி கேட்டார். ஆஸ்பத்திரியில் சட்ட வைத்தியரிடம் காட்டத் துண்டுச் சீட்டுக் கொடுத்தார்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் கேட்டு வாங்கினார். வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்று சும்மாவா சொன்னார்கள்? கேட்டால் இவ்வளவும் கிடைக்கும் என்பது அவருக்கே புதினமாக இருந்தது.

தனுஷியா அவர் வீட்டிலேயே தங்கினாள். இடியப்பத்தைப் பிய்த்துப் பிய்த்து வைப்பாள், வாயில் வைக்கமாட்டாள்.

அடுத்த கிழமை வினோதனையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்பதுபோல வெள்ளைச் சேட்டோடு வந்திருந்தான். உட்கார இருந்தது ஒரே ஒரு வாங்கு. நாகேஸ்வரி தன் அகலமான உடம்பை அவனுக்கும் தனுஷியாவுக்கும் நடுவில் இறக்கிவிட்டு, "தம்பி, வேலைக்கு லீவு போட்டனீரோ?" என்று தொடங்கினார். அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பெண் பொலிஸ் பேச, தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் சொன்னார்: "இனி அடிக்க மாட்டன் எண்டு எழுதித் தாறாராம். சமாதானமாப் போக விருப்பமோ?"

இந்தப் பிள்ளை தலையாட்டிவிட்டால் திரும்பவும் அந்த வீட்டுக்குத்தான். நாகேஸ்வரி வாயைத் திறந்தார். பிறகு, பதில் சொல்ல வேண்டியவள் அவளல்லவா என்று மூடிக்கொண்டார்.

"எழுதித் தந்திட்டுத் திரும்ப அடிச்சா என்ன செய்வீங்கள்?" என்று தனுஷியா கேட்டாள்.

பெண் பொலிஸ் பேனையைக் கீழே வைத்தாள். "கிட்ட வரக்கூடாது எண்டு கோர்ட்டிலை பாதுகாப்புக் கட்டளை கேக்கலாம்" என்று தமிழ் தெரிந்தவர் மூலம் பதில் வந்தது.

"அதை இப்பவே கேக்கேலாதோ?"

"கேக்கலாம்."

"அப்ப கேக்கிறன்."

வினோதன் விறுக்கென்று எழும்பினான். நாகேஸ்வரி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

திரும்பி வரும்போது, ஆட்டோவுக்குள் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"பிள்ளை, பசிக்குதே?"

"ஓம் அன்ரி," என்றாள் தனுஷியா. "நல்லாப் பசிக்குது."