வடதுருவத்துக்கு ஒரு மாப்பிள்ளை

சென்ற வெள்ளி, ஜும்ஆத் தொழுகை முடிந்து ராத்தா வீட்டில், அதாவது என் அக்கா வீட்டில், ஒரு கலியாணப் பேச்சு. கல்முனையில் தாய்மாமன் இல்லாமல் அது நடக்குமா? நானும் போய் உட்கார்ந்தேன்.

பெண், ராத்தாவின் மகள் ஷிபானா. துருவ ஒளியை ஆராய்கிறாள். பூமியின் இரு முனைகளிலும் வானத்தில் பச்சையும் சிவப்புமாக ஆடுமே... அதேதான். பட்டம் முடிந்து, ஆராய்ச்சிப் படிப்பு பாதி வழியில்.

ராத்தாவுக்கு அதுதான் பயம். கொம்பியூட்டர் வேலை என்று மட்டும் சொல்லும்படி மகளைப் பழக்கி வைத்திருந்தார். மகளோ என்னிடம், படிப்பை விடச் சொன்னால் இந்தக் கலியாணமே வேண்டாம் என்றாள். வீம்பாக அல்ல, கண் கலங்கித்தான் சொன்னாள். மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது. எனக்கு மனசு கனத்துப் போனது.

வரிப்பத்தான்சேனையிலிருந்து மாப்பிள்ளையின் உம்மா வந்திருந்தார். வயல்காரக் குடும்பம். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். ஷிபானா ஒளிக்காமல் சொல்லிவிட்டாள் — வடதுருவத்து ஒளி.

அவ்வளவுதான். மனுசி சாப்பிட்டுக்கொண்டிருந்த வட்டிலப்பத்தைக் கீழே வைத்துவிட்டார். படிப்புதான் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டோம். ராத்தா என்னை முறைத்தார் — நானா ஆராயச் சொன்னேன்?

“அப்ப என்ட மகன் அந்த ஐஸுக்குள்ளயா வந்து இரிக்கணும்?”

எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். பெண்ணுக்கு வேலை பனியில் என்றால் வீடும் பனியில்தானே? பெற்ற வயிறு பதறாதா?

ஷிபானா சிரிக்கவில்லை. லெப்டொப்பைத் திறந்து அவர் பக்கத்தில் போய் அமர்ந்தாள். பூமியைச் சுற்றி வரும் செய்மதி எடுத்த படம். துருவத்தைச் சுற்றி, வளையமாக ஒளி. அங்கேயே குடியிருப்பவர்களுக்கும் அதில் ஒரு துண்டுதான் தெரியும், முழு வளையமும் உயரத்தில் இருக்கிற செய்மதிக்குத்தான் தெரியும் என்றாள். தானும் இன்னும் நேரில் கண்டதில்லையாம்.

“செய்மதி பாக்கும் மாமி. நான் இந்த வீட்டு மேல் மாடியில இரிந்து படத்தப் பாப்பன். இன்டர்நெட் இரிந்தாக் காணும், வேற ஒண்டும் வேணாம்.”

அவர் படத்தையும் பார்த்தார், பெண்ணையும் பார்த்தார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எங்களுக்கும் அந்தத் தாயின் கவலையில் ஒரு துண்டுதான் தெரிந்திருக்கிறது. மனிதர்களைப் பார்ப்பதற்குச் செய்மதி இல்லையே... கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

“அப்ப படிப்ப விடாத, மகள்” என்றார் கடைசியில். “அவன் மாடிப்படி ஏறி வரட்டும்.”

வடதுருவத்துக்கு இதைவிடச் சுருக்கு வழி எந்த மாப்பிள்ளைக்குக் கிடைக்கும்?