ஹாரனுக்கு அவிழும் கை

ஹாரன் ஒலித்தால் கயிற்றுக்காரருடைய வலது கை அவரிடம் அனுமதி கேட்பதில்லை. தன்பாட்டுக்குப் போய் எதையாவது அவிழ்க்கும். மீசை அரும்பிய வயதில், துறைமுகத்துக்கும் எதிர்க்கரைக்கும் போய்வரும் ஃபெர்ரியில் வேலைக்குச் சேர்ந்தார். அன்றிலிருந்து ஒரே வேலை. படகு கரையைத் தொட்டால் கயிற்றின் வளையத்தை இரும்பு முளையில் மாட்ட வேண்டும். கேப்டன் ஹாரன் அடித்தால் அதைக் கழற்றித் தளத்தில் வீசிவிட்டு, படகுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் அகலமாவதற்குள் தாவி ஏற வேண்டும். இப்படி மாட்டியும் கழற்றியும் கல்யாணமாகி, மகள் பிறந்து, அவளுக்கும் கல்யாணமாகிவிட்டது. கூட வேலை பார்த்த கேப்டன்கள் ஓய்வு பெற்று, உட்கார்ந்து, தொப்பை போட்டுவிட்டார்கள். இவருக்குத் தொப்பையும் இல்லை, உட்காருவதும் இல்லை.

உட்காரத் தெரியாது என்பதுதான் சரி. சாப்பாடு சமையலறை நிலைப்படியில் சாய்ந்தபடி. டிவி பார்ப்பது ஒரு கால் கூடத்திலும் ஒரு கால் வாசலிலுமாக. எந்த சினிமாவுக்கும் அவர் முடிவு பார்த்ததில்லை. வில்லன் திருந்துவதற்குள் இவர் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்பார். பஸ்ஸில் சீட்டு கிடைத்தால் கர்ப்பிணிக்குக் கொடுப்பார், வயதானவருக்குக் கொடுப்பார், ஒருவரும் சிக்காவிட்டால் கட்டுமஸ்தான கல்லூரி மாணவனைக் கெஞ்சி உட்காரவைத்துவிட்டுப் படிக்கட்டுக்குப் போவார். தெருவில் அதைப் பெருந்தன்மை என்று பேசிக்கொண்டார்கள். மனைவிக்குத்தான் விஷயம் தெரியும்.

"நாற்காலியில முள்ளு இருந்தா எடுத்துப் போடலாம். இந்த மனுஷனுக்கு முள்ளு உடம்புலயே இருக்கு" என்பாள்.

ஒருமுறை தெருமுனையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது. கயிற்றுக்காரர் பேச்சை நிறுத்தவே இல்லை. கை மட்டும் கீழே போய், தபால்காரர் வீட்டு ஆட்டின் கயிற்றை முளையிலிருந்து கழற்றி, அழகாகச் சுருட்டி, ஆட்டின் முதுகிலேயே போட்டது. ஆடு மார்க்கெட் வரை போய் ஒரு கீரைக் கடையை ஒழித்துக்கட்டிவிட்டுச் சாவகாசமாகத் திரும்பி வந்தது. தெருவே சிரித்தது. மனைவியும் சிரித்தாள். அப்போதே அவள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

மகள் குடித்தனம் நடத்துவது தீவுப் பாதையின் கடைசித் தீவில். மருமகன் சரக்குக் கப்பலில் சமையல்காரர்; அந்த மாதம் எந்தக் கடலில் வெங்காயம் உரிக்கிறார் என்று அவருக்கே தெரியாது. மாமியார் காலமாகிவிட்டார். முதல் பிரசவம். அம்மா அடுத்த வாரம் போய்த் துணைக்கு இருப்பதாக ஏற்பாடு. குழந்தைக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை போலிருக்கிறது. ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் போன் வந்தது.

"அப்பா, வலி விட்டு விட்டு வருது. எப்படியாவது அம்மாவைக் கொண்டுவந்து சேர்த்துடுங்க. எனக்குப் பயமா இருக்குப்பா."

"இதோ கிளம்பிட்டோம். நானும் வரேன்."

"நீங்க வந்தா உட்காருவீங்களா?"

"உட்காருவேன்."

வலியோடு வலியாக மகள் சிரித்துவிட்டாள்.

மனைவியைத் தனியாக அனுப்ப முடியாது. படகுக்காரர் பெண்டாட்டிக்குப் படகு ஆகாது. ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்வாள். இறங்கும்போதுதான் இரண்டையும் விடுவாள். பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் கணவராக இருக்காது, அவர் எழுந்து போயிருப்பார். ஒருமுறை கரை வந்து கண்ணைத் திறந்தபோது, ஒரு மூக்குக்கண்ணாடி வியாபாரியின் கையைப் பிடித்திருந்தாள். அந்த மனிதர் பாவம், கூச்சத்தில் தன் ஊரைத் தாண்டியும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

தீவுப் பாதையின் ஃபெர்ரி வேறு கம்பெனியுடையது. அதில் கயிற்றுக்காரர் வெறும் பயணி. வெறும் பயணியாக இருப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. மெத்தைகள், கேஸ் சிலிண்டர்கள், கோழிக்கூடைகள், தலைகீழாகக் கட்டிய சைக்கிள்கள், அவற்றுக்கு நடுவே மனிதர்கள். படகு புறப்பட்டதும் இவர் எழுந்தார். மோட்டார் சத்தத்தைக் கேட்கப் போனார். கயிறு சுருட்டிவைத்த லட்சணத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார். முன்னே போய்க் கடலைப் பார்த்தார், பின்னே போய் அதே கடலைப் பார்த்தார். தென்னை மட்டுமே முளைத்த ஒரு தீவு போயிற்று. நாலு வீடும் ஒரு செல்போன் கோபுரமுமாக இன்னொன்று போயிற்று.

"என் கையைப் பிடிச்சுக்க ஒரு ஆளு வேணும்னுதானே கூட்டிட்டு வந்தேன்" என்று மூடிய கண்ணோடு மனைவி சொன்னாள்.

"இங்கதானே இருக்கேன்."

"குரல் அங்கேயிருந்து வருது."

நடுவழித் தீவில் படகு நின்றது. ஃபெர்ரியின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. படகுத்துறையில் நல்லதாக ஒன்று இருக்கிறது என்று பக்கத்துப் பெண்மணி சொன்னாள். மனைவி கண்ணைத் திறந்து, பலகையைக் கடந்து, கரையில் கால் வைத்ததும் திரும்பினாள். கையில் பிளாஸ்க், அப்படியே வெந்நீரும் வாங்கலாம் என்று.

"நான் வர்ற வரைக்கும் போட்டு நகரக் கூடாது. இது ஒண்ணாவது செய்வீங்களா?"

"நான் இருக்கறப்ப போட்டு எப்படி நகரும்?"

அவர் சொன்னதைச் செய்யத்தான் செய்தார். படகு நகராமல் இருக்க எங்கே நிற்க வேண்டுமோ சரியாக அங்கே, இரும்பு முளையின் பக்கத்தில், போய் நின்றார். அந்தப் படகின் கயிறு பிடிப்பவர் குண்டான நடுவயதுக்காரர். மாவு மூட்டைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "நீங்களும் நம்ம தொழில்தானே அண்ணே? கயித்தைக் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று மூட்டைக்கு அடியிலிருந்து சொன்னார். அன்று காலையிலிருந்து கயிற்றுக்காரர் காதில் விழுந்த முதல் மரியாதையான வார்த்தை அதுதான்.

நேரப் பலகையில் எழுதிய நேரத்துக்கு அந்த ஃபெர்ரி என்றுமே கிளம்பியதில்லை. அன்று கிளம்பியது. ஹாரன் அடித்தது.

வளையம் முளையிலிருந்து எழும்பியது. கயிறு காற்றில் வளைந்து போய்த் தளத்தில் சுருண்டு விழுந்தது. கால் தாவியது. சுத்தமான வேலை, முழங்கால்கூட மடங்கவில்லை. மூட்டைக்காரர் "அடடா!" என்றார். கயிற்றுக்காரர் கையைத் தட்டிக்கொண்டு, பாராட்டை ஏற்கத் திரும்பினார்.

படகுத்துறையில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். ஓடி வரவில்லை, கத்தவில்லை. பிளாஸ்க்கை மார்போடு அணைத்தபடி, அகலமாகிக்கொண்டே போகிற தண்ணீரையும் அதற்கு அப்பால் படகில் நின்ற தன் கணவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேப்டனிடம் ஓடினார். "திருப்புங்க! என் சம்சாரம் கரையில நிக்கிறா!"

"யாரு கயித்தை அவுத்தது?"

"நான்தான்."

கேப்டன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "தண்ணி வத்திக்கிட்டிருக்கு. இப்பத் திருப்புனா கடைசித் தீவு மணல்திட்டுல சொருகிடுவோம், ஒருத்தரும் போய்ச் சேர மாட்டோம். சண்டையிருந்தா வீட்டுல தீர்த்துக்கக் கூடாதாய்யா?"

போன் அடித்தது. மனைவிதான்.

"பொண்ணுகிட்டப் போங்க" என்றாள். "போய் அவ பக்கத்துல உட்காருங்க. கேக்குதா? உட்காருங்க." போன் வைக்கப்பட்டது.

மீதிக் கடலை அவர் நடந்தே கடந்தார் என்று சொல்லலாம். படகின் நீளத்தை அத்தனை முறை அளந்தார். கடைசித் தீவின் படகுத்துறையிலிருந்து ஆஸ்பத்திரிக்குச் சதுப்புக் காட்டு வாய்க்கால் வழியாக, ஓர் ஆள் அகலத் தோணியில் போக வேண்டும். அதிலும் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். "யோவ் பெரியவரே, உட்காரும்! நீர் நின்னா சீக்கிரம் போகாது, கவுந்துதான் போகும்!" என்று தோணிக்காரர் அதட்டினார். விளிம்பை இரு கையாலும் பிடித்தபடி குந்தினார். அவர் வாழ்வின் நீளமான வாய்க்கால் அதுதான்.

ஆஸ்பத்திரி என்பது ஒரு வராந்தா, மூன்று அறைகள், ஒரு நர்ஸம்மா. வராந்தாவின் ஒரு முனையில் தண்ணீர்த் தொட்டி, மறுமுனையில் முள் உடைந்த எடை மெஷின். மகள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, முதுகுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அம்மா எங்க?"

"பின்னாடி வர்றா."

"பின்னாடின்னா?"

"நடுவழித் தீவுல... கயித்தை நான்தான் அவுத்துட்டேன்மா. ஹாரன் அடிச்சுது."

மகளுக்கு அழுகைதான் முதலில் வந்தது. "அடுத்த ஃபெர்ரி சாயங்காலம்தான்ப்பா. அதுக்குள்ள எனக்கு..." மிச்சத்தை ஒரு வலி விழுங்கியது. வலி இறங்கியதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "அந்த ஆடு மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

அழுதுகொண்டே சிரிக்கிற பெண்ணை எப்படிச் சமாளிப்பது என்று தெரியாமல், மனைவி சொன்னபடி ஒரு முக்காலியை இழுத்தார். உட்காரப் போகும் நேரத்தில் நர்ஸம்மா உள்ளே வந்தாள்.

"கூட யாரு, அப்பாவா? உட்காராதீங்க. இவ படுத்தே கிடந்தா வேலை ஆகாது, நடக்கணும். கூட நடக்க ஆளு வேணும். ரெண்டு சுத்து சுத்திட்டு 'கால் வலிக்குது'ன்னு பெஞ்சைத் தேடுற ஆம்பளைங்களா வந்து சேருறாங்க எனக்கு."

கயிற்றுக்காரர் முக்காலியை வைத்துவிட்டார். உட்காராதே என்று படித்த ஒருவர் சொல்லிக் கேட்கத்தான் அவர் இத்தனை காலம் காத்திருந்தார்.

நடந்தார்கள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடை மெஷின். எடை மெஷினிலிருந்து தண்ணீர்த் தொட்டி. வலி வந்தால் மகள் அவர் தோளைப் பற்றித் தொங்குவாள். அவர் கால்களை அகட்டி ஊன்றி, அலையில் படகைத் தாங்குவதுபோல் நிற்பார். வலி இறங்கினால் மறுபடி நடை. ஒவ்வொரு முனையிலும் "எதிர்க்கரை வந்தாச்சு" என்பார்.

"ஹாரன் மட்டும் யாரும் அடிக்காம இருக்கணும்" என்பாள் மகள்.

வெயில் வராந்தாவின் பாதி வரை ஏறியது. நர்ஸம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே" என்றாள். ஆனால் வலிகளுக்கு நடுவே இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. மகள் பேச்சை விட்டுவிட்டாள். வாய்க்கால் பக்கம் மோட்டார் சத்தம் கேட்டால் இருவருமே நின்று பார்த்தார்கள். ஒன்றில் சிமெண்ட் வந்தது. ஒன்றில் யாரோ ஒருவரின் ஃபிரிட்ஜ் வந்தது.

"அம்மா வரமாட்டாங்கப்பா" என்றாள் மகள், எடை மெஷினைப் பிடித்துக்கொண்டு. "போட்டுல ஏறவே பயம். தனியா எப்படி வருவாங்க?"

அவள் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். நடந்தார்.

மூன்றாவது மோட்டார் சத்தத்தில் ஒரு மீன்படகு வந்தது. ஐஸ் பெட்டியின் மேல், தண்ணீரில் இறங்கிப் படகேறியதில் இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்து, பிளாஸ்க்கோடு மனைவி உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன. மீனவர் கை கொடுக்க வந்ததைத் தட்டிவிட்டு, தானே இறங்கினாள்.

வராந்தாவில் ஏறியவள் கணவருக்கு முன்னால் ஒரு நொடி நின்றாள்.

"அன்னிக்கு ஆடு. இன்னிக்கு நான்."

"இவளே, நான் வேணும்னு..."

"ஆடாவது கீரை தின்னுட்டு வந்துச்சு."

"கண்ணைத் திறந்துக்கிட்டா வந்தே?" அவருக்கு அதுதான் ஆச்சரியம்.

"மூடிக்கிட்டா, யாரு என்னை எங்க அவுத்து விடுறாங்கன்னு தெரியாதில்ல?"

மகள் அம்மாவின் ஈரப் புடவையில் முகத்தைப் புதைத்தாள். மீனும் உப்புமாக நாறியது, அவள் விடவில்லை. நர்ஸம்மா இருவரையும் உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். கதவு சாத்தப்பட்டது.

கயிற்றுக்காரர் தொட்டிக்கும் மெஷினுக்கும் தனியாகப் படகு ஓட்டினார். உள்ளிருந்து ஓர் அலறல் வந்தால் வேகம் கூட்டினார். கொஞ்ச நேரத்தில் கதவு இடுக்கில் நர்ஸம்மாவின் தலை தெரிந்தது.

"ஐயா, செருப்புச் சத்தம் தாங்கலை. இப்ப நீங்க நடந்து ஒண்ணும் பிறக்காது."

செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்.

வெயில் மஞ்சளாகி வராந்தாவை விட்டு இறங்கும் நேரத்தில், உள்ளே ஒரு புதுக் குரல் எல்லாரையும் அதட்டியது. பேத்தி. மகள் களைத்துப்போய், ஆனால் கண் நிறைய விழித்துக்கொண்டு கிடந்தாள். வெள்ளைத் துணியில் சுற்றி, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு, நர்ஸம்மா குழந்தையை ஏந்தி நின்றாள். கயிற்றுக்காரர் இரண்டு கையையும் நீட்டினார்.

"உட்காருங்க. உட்கார்ந்தாத்தான் குடுப்பேன்."

அவர் முக்காலியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். உட்கார்ந்தார். குழந்தை மடிக்கு வந்தது. அதன் மூக்கு மகளுடையது, முறைப்பு மனைவியுடையது. அவர் கால் ஆடவில்லை. முதுகு நிமிரவில்லை. அறையில் மூன்று பெண்களும் குழந்தையை விட்டுவிட்டு அவரைத்தான் வேடிக்கை பார்த்தார்கள்.

"அப்பா உட்கார்ந்திருக்காரும்மா" என்றாள் மகள் மெதுவாக.

"பார்த்துட்டேன். சத்தம் போடாதே."

அப்போது வாய்க்காலுக்கு அப்பால், படகுத்துறையில், சாயங்கால ஃபெர்ரி நீளமாக ஹாரன் அடித்தது.

மனைவி பாய்ந்தாள். "குடுங்க! பிள்ளையைக் குடுங்க முதல்ல!"

"ஒண்ணும் ஆகாதுடி. கெட்டியாத்தான் பிடிச்சிருக்கேன்."

"அது உங்க கைக்குத் தெரியுமா?"

கயிற்றுக்காரர் குனிந்து பார்த்தார். துணியின் முடிச்சு அவிழ்ந்து, குழந்தையின் வயிற்றின் மேல் அழகாகச் சுருண்டு கிடந்தது.

மறுபேச்சில்லாமல் பேத்தியைக் கொடுத்துவிட்டு எழுந்தார்.