உலக்கைக்குப் போட்டி போட்ட தம்பதி

யுத்த காலம். மதுரையிலிருந்து எங்கள் கம்பம் டிஸ்பென்சரிக்கு வரும் இன்சுலின் பார்சல் நின்றுபோயிற்று. அலமாரியில் மிஞ்சியது ஒரே பாட்டில், அதுவும் பாதி; அதை உயிர்போகிற கேஸுக்கென்று டாக்டர் ஒதுக்கிவைத்துவிட்டார். அன்று காலையில்தான் சென்றாயப்பெருமாளும் அவர் மனைவி வீரம்மாளும் வில்வண்டியில் வந்து இறங்கினார்கள்.

அவர் காமயகவுண்டன்பட்டிக்காரர், வாழைக்காய் மண்டி முதலாளி. கல்லாவில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். முந்தைய வருஷம் முதுகில், சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் பெரிய சீழ்க்கட்டியான ராஜபிளவை வந்து, டாக்டர் கீறிவிட்டு, அரும்பாடுபட்டுப் பிழைத்தவர்.

நான் அங்கே கம்பவுண்டர். சர்க்கரை டெஸ்ட் என் வேலை. ட்யூபில் நீல சொல்யூஷனை ஊற்றி, சில சொட்டு மூத்திரம் சேர்த்து, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைப்பேன். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் ஏகத்துக்கும் சர்க்கரை. முதலாளியுடையது எப்போதும் செங்கல்தான்.

"மருந்து எப்ப வரும்னு தெரியல. சோத்தைக் குறைங்க. தினமும் காலையில ரோட்டுல நடங்க" என்றார் டாக்டர்.

"மண்டிக்காரன் வேலவெட்டி இல்லாம ரோட்ல நடந்தா, யாவாரம் நொடிச்சுப்போச்சுன்னு ஊரே பேசும் டாக்டர்!"

வீரம்மாள் குறுக்கிட்டார். "வெளிய நடக்கத்தான வெக்கம்? வீட்டுல ஒரலு கெடக்கு, கெணறு கெடக்கு. கொல்லக் கதவச் சாத்திக்கிட்டுச் செய்ங்க. எவன் பாக்கப் போறான்?"

"நெல்லுக் குத்தவா? நானா?"

"இன்னொரு பிளவ வந்தா நான் என்ன செய்வேன்?"

அந்த அம்மாவின் குரல் உடைந்ததும் முதலாளி, "சரி, குத்துறேன்" என்று எழுந்துவிட்டார்.

அடுத்த வாரமே உள்ளங்கைக் கொப்புளத்துக்குக் களிம்பு கேட்டு வந்தார். "ஆத்தாடி! இம்புட்டுக் கனமான உலக்கையத்தான் இவ தெனமும் தூக்குனாளா!" என்றார். நெல் குத்தினார், தண்ணீர் இறைத்தார், மாவாட்டினார். சோற்றையும் குறைத்துக்கொண்டார். ட்யூபில் செங்கல் மெல்ல மஞ்சளாயிற்று. ஒருநாள் பச்சை வந்தது. நம்ப முடியாமல் இன்னொரு தரம் கொதிக்கவைத்தேன். பச்சையேதான்.

நாலைந்து மாதம் போயிற்று. ஒருநாள் வீரம்மாள் தனியாக வந்தார். ஓயாத தாகம், உடம்பெல்லாம் அசதி என்றார். டெஸ்ட் செய்தேன். செங்கல்!

"வீட்டுல என்னம்மா வேலை பாக்குறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. ஒரலுப் பக்கமே விடமாட்டேங்குறாக. அவுகளுக்குப் பதிலா மண்டிக் கல்லாவுல நாந்தான் உக்காந்திருக்கேன்."

டாக்டர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். "கம்பவுண்டர், ஒருத்தர் நோவைத் தூக்கி இன்னொருத்தர் தலையில வச்சுட்டோமே!"

மறுநாள் இருவரையும் வரச்சொல்லி, வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளச் சொன்னார். முதலாளி மசியவில்லை.

"உலக்கைய விட்டுத்தர முடியாது. எனக்கு உசுரு அதுலதான் நிக்கிது."

"எனக்கு மட்டும் உசுரு இல்லையாக்கும்?" என்றார் வீரம்மாள்.

காத்திருந்த நோயாளிகளெல்லாம் வலியை மறந்து சிரித்தார்கள். கடைசியில் முதலாளியே வழி சொன்னார். "சரி, இன்னொரு உலக்க செஞ்சுபுடுவோம்."

ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். ஒரே உரலில் இரண்டு உலக்கைகள் மாறி மாறி இறங்கிக்கொண்டிருந்தன. கொல்லைக் கதவு திறந்தே கிடந்தது. கல்லாவிலும் ஆளுக்கு அரைநாள்தான் உட்கார்ந்தார்கள்.

வீரம்மாளின் ட்யூப் நீலத்துக்கே திரும்பியது. முதலாளியுடையது பச்சையைத் தாண்டி நீலத்துக்கு வரவில்லை. ஆனால் ராஜபிளவையும் திரும்ப வரவில்லை. யுத்தம் முடிந்து இன்சுலின் வந்தபோது கொஞ்சம் மருந்தே அவருக்குப் போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு யாருக்குச் சர்க்கரை என்றாலும், என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதோடு, வீட்டில் தண்ணீர் இறைப்பது யார் என்றும் கேட்பேன். "அதெல்லாம் பொம்பளைக பாப்பாக" என்று ஆண்கள் சொல்வார்கள். வசதி வந்து வேலைக்கு ஆள் வைத்த வீட்டுப் பெண்களோ "அதுக்கெல்லாம் ஆள் இருக்கு" என்று சிரிப்பார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கணவன் வந்தாலும் சரி, மனைவி வந்தாலும் சரி, இரண்டு ட்யூப் எடுத்து வையுங்கள்.