உச்சவரம்பு மாறிய வெள்ளிக்கிழமை

அப்பா பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஷெட்டில் வேலை செய்தார். மொத்தமே எட்டுப் பேர் என்பதால் இ.எஸ்.ஐ. கிடையாது; விபத்து என்றால் முதலாளிதான் நஷ்டஈடு தரவேண்டும். இரண்டாயிரமாம் வருஷம் டிசம்பரில், ஒரு திங்கட்கிழமை, அடுக்கி வைத்திருந்த இரும்புத் தகடுகள் சரிந்து அவர்மேல் விழுந்தன. ஸ்ரீராம்புரத்திலிருந்து நானும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்குப் பதினெட்டு வயது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்.

நஷ்டஈடு எப்படிப் போடுவார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. செத்தவருடைய வயசு, மாதச் சம்பளம், இந்த இரண்டையும் வைத்துத்தான். ஆனால் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் சட்டத்தில் அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேலே அப்பா சம்பாதித்தது கணக்கிலேயே வராது. வரம்புப்படி தந்துவிடுகிறேன் என்று முதலாளி காரியம் முடிந்த மறுவாரமே பேப்பரோடு வீட்டுக்கு வந்தார். அம்மா கையெழுத்துப் போட உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு அண்ணன் யூனியன்காரர். எட்டிப் பார்த்தவர் உள்ளே வந்து பேனாவை வாங்கிக்கொண்டார்.

"அவசரப்படாதக்கா. அந்த லிமிட்ட டபுள் பண்ணிட்டாங்கன்னு யூனியன்ல பேசிக்கிறாங்க. என்னைக்கிலேர்ந்துன்னுதான் தெரியல. அவரு போன நாளுக்கு முன்னாடின்னா லாபம் உனக்கு. பின்னாடின்னா இவருக்கு."

அடுத்த நாளே அண்ணனையும் கூட்டிக்கொண்டு லேபர் ஆபீசுக்குப் போனோம். பஸ்ஸில் ஒவ்வொரு ஸ்டாப்பாக எண்ணிக்கொண்டே வந்தேன். பரீட்சை ரிசல்ட் பார்க்கப் போகிறவர்களுக்கு இப்படித்தான் இருக்குமோ என்னவோ, நான் அதுவரை படிக்கவில்லை. அப்பா கொஞ்சம் லேட்டாகப் போயிருக்கணும் சாமி என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன். அவர் பிழைக்கணும் என்று வேண்டிக்கொள்ளக்கூட எனக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை.

முதலாளியும் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். மாடி ஏற முடியாமல் அம்மா கீழேயே உட்கார்ந்துகொண்டாள். கிளார்க் என்றைக்கு விபத்து என்று கன்னடத்தில் கேட்டார், சொன்னேன். ஃபைலில் புது ஆர்டரைத் தேடி எடுத்து, விரல் வைத்து மெதுவாகப் படித்தார். அந்த விரல் நகர்ந்த வேகத்துக்கு எனக்கு அழுகையே வந்தது. கடைசியில் தேதியைச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை. அப்பா விழுந்ததற்கு மூன்று நாள் முன்னால்.

நான் மேஜையைத் தட்டிவிட்டேன். டீ கொட்டியதற்குக் கிளார்க் திட்டினார். திட்டட்டும்.

"மொதலாளி மூஞ்சியப் பாரு, வெளக்கெண்ண குடிச்ச மாதிரி," என்று அண்ணன் என் காதில் சொன்னார். புது வரம்புப்படி கட்டச் சொல்லி முதலாளியிடம் கிளார்க் பேச ஆரம்பித்ததும், இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழே ஓடினேன்.

"இன்னாடி ஆச்சு?"

"வெள்ளிக்கிழமையிலேர்ந்தாம்மா. நமக்குத்தான். அப்பா சம்பளம் முழுசா கணக்குல வரும். நல்லவேளம்மா, திங்கக்கிழமையா இருந்துச்சு."

"ஆமாண்டி, நல்லவேள," என்றாள் அம்மா, சிரித்துக்கொண்டே.

சொன்ன பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அம்மா என் கையை விடவில்லை. எனக்குச் சிரிப்பும் நிற்கவில்லை.