அறிக்கையில் இல்லாத பக்கத்து வீடு

இந்த நாட்டில் நீங்கள் ஒரு வீட்டை வாங்க ஆசைப்பட்டால், முதலில் முன்பின் தெரியாத ஒருவர் டோர்ச்சோடு வந்து அந்த வீட்டைச் சோதிக்கிறார். கூரையில் ஏறுகிறார், கக்கூஸ் தண்ணீரை ஏழு தடவை இழுத்துவிடுகிறார், தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு குழாய்களைப் பார்க்கிறார். எந்த டாக்டரும் என்னை இவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை. டொராண்டோவுக்கு வந்து ஒன்பது வருடம் அடுக்குமாடியில் கிடந்துவிட்டு நாங்கள் வாங்கப் பார்த்த முதல் வீடு அது. ஒரே சுவரால் ஒட்டிய இரட்டை வீட்டில் ஒரு பாதி. சோதித்தவரின் ரிப்போர்ட் முப்பத்தெட்டுப் பக்கத்தில் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வீடு வேறு யாருக்கோ போய்விடும்.

நான் அகராதியும் கையுமாக ரிப்போர்ட்டைப் படித்து மனைவி சாந்திக்குத் தமிழில் சொன்னேன். கூரைக்கு இன்னும் ஐந்து வருட ஆயுள். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் கிழடு, ஆனால் மூச்சு இருக்கிறது. நிலவறையில் ஈரம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பக்கத்து வீட்டு ஆக்களப் பத்தி எங்க எழுதியிருக்கு?" என்றாள். எழுதவில்லை என்றேன். இத்தனை பக்கம் எழுதினவருக்கு அதை மட்டும் எழுத ஏலாமல் போயிற்றா, போன் எடுத்துக் கேளுங்கள் என்று ஒரே பிடி. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். பாவம், மரியாதையான மனிதர். மறுநாளே முப்பத்தொன்பதாம் பக்கம் வந்தது: பக்கத்து வீட்டோடு பொதுவான வேலி நல்ல நிலையில் உள்ளது, இரண்டு பலகைகளை மாற்றவும்.

சாந்தியைக் குற்றம் சொல்லமாட்டேன். இலங்கையில், எங்கள் மாத்தளையில் வீடு பார்க்கும் முறையே வேறு. அங்கே கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த நான் எண்பத்தொன்றில் வீடு பார்க்கப் போனபோது, கூட வந்த என் மாமனார் அந்த வீட்டுக்குள் என்னைக் கால் வைக்கவே விடவில்லை. நேரே பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். மிளகு, கராம்பு வியாபாரம் செய்த நசீர் நானாவின் வீடு அது; முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்போம். தேத்தண்ணீர் குடித்து முடிவதற்குள் ரிப்போர்ட் கிடைத்துவிட்டது: குசினிக் கூரை ஒழுகும், கிணறு ஆவணியில் வற்றும், விற்கிறவன் வாயைத் திறந்தால் பொய். "ஆனா வாங்குங்க தம்பி, நாங்க இருக்கோம்" என்றார் நானா.

கூரை ஒழுகியது, கிணறும் வற்றியது. எண்பத்து மூன்று ஆடியில், தமிழர் வீடுகளுக்குத் தீ வைத்துக்கொண்டு வந்தவர்களின் கூச்சல் தெருவில் கேட்டபோது நானா தன் பின்கதவைத் திறந்து எங்களை உள்ளே இழுத்து, மிளகு மூட்டைகளுக்கு நடுவில் மூன்று நாள் ஒளித்துவைத்தார். வெளியே எங்கள் வீடு எரிகிறது, உள்ளே எனக்குத் தும்மல் வருகிறது. மூக்கைச் சுளிக்கும்போதெல்லாம் சாந்தி சேலைத் தலைப்பை என் முகத்தில் அமுக்கினாள். கலவரத்தில் தப்பி அவள் கையால் செத்திருப்பேன். இன்றைக்கு அதைச் சொல்லிச் சிரிக்கிறோம்.

ஆகவே வியாழக்கிழமை சாந்தி ஒரு தட்டு கட்லட் பொரித்து, என்னையும் இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கத்து வீட்டு மணியை அடித்தாள். சங்கிலி போட்ட கதவு நாலு விரல் திறந்தது. ஒரு வெள்ளைக்காரக் கிழவி. எந்தச் சபையிலும் சேர விருப்பமில்லை என்றாள். நாங்கள் மதம் பரப்ப வரவில்லை, வீடு வாங்க வந்திருக்கிறோம் என்றேன். இது விற்பனைக்கில்லை, அடுத்ததுதான் என்று கை காட்டினாள்.

"ஆபத்துன்னு வந்தா கதவத் திறப்பீங்களான்னு கேளுங்க" என்று சாந்தி என் விலாவில் இடித்தாள். எந்த முகத்தோடு கேட்பது? கேட்டுத் தொலைத்தேன். கிழவி யோசித்துவிட்டு, ஆபத்தென்றால் பொலிசுக்கு அடியுங்கள் என்று நம்பரையும் சொன்னாள். நம்பரையா கேட்டேன் என்று முணுமுணுத்தபடி சாந்தி தட்டோடு திரும்பினாள். வீடு போயிற்று என்று நினைத்தேன்.

அப்போது சங்கிலி கழன்றது. புருஷன் போய் மூன்று வருடமாம், தனியாகத்தான் இருக்கிறாளாம். போன குளிர்காலத்தில் குளியலறையில் விழுந்து, ஒரு பகல் முழுக்கச் சுவரைத் தட்டிக்கொண்டே கிடந்தாளாம். அந்தப் பக்கம், நாங்கள் வாங்கப் பார்த்த பாதியில் இருந்தவர்கள் வரவேயில்லை. சொல்லிவிட்டு எங்களை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பரீட்சை எங்களுக்குத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. "நான் தட்டினால் நீங்கள் வருவீர்களா?" என்று கேட்டாள்.

நான் தமிழில் சொல்ல வாயெடுப்பதற்குள் சாந்தி "யெஸ்" என்றாள். ஒன்பது வருடத்தில் என்னைக் கேட்காமல் அவள் பேசிய முதல் ஆங்கிலம் அது. மறுநாள் மூன்று மணிக்கே கையெழுத்துப் போட்டோம்.

நானாவுக்குப் போன் எடுத்துச் சொன்னோம். அவர் கூரையைப் பற்றிக் கேட்கவில்லை, பக்கத்தில் யார் என்றுதான் கேட்டார். கட்லட் கதையைக் கேட்டு இருமும்வரை சிரித்தார். அவர் மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் கொழும்பிலும் கட்டாரிலும். உங்களுக்குப் பக்கத்தில் இப்போது யார் நானா என்று சாந்தி கேட்டாள். "உங்கட எரிஞ்ச வீட்டு வளவு அப்பிடியே வெறுமையாக் கெடக்கு தங்கச்சி, யாரும் வரல்ல" என்றார்.

புது வீட்டில் பொதுச்சுவரை ஒட்டித்தான் எங்கள் கட்டில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தில் எங்கேயாவது ஏதாவது தட்டுப்பட்டாலே சாந்தி எழும்பி உட்கார்ந்துவிடுகிறாள். பக்கத்து அம்மாவா என்று கேட்டால், கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொல்கிறாள்:

"இல்லங்க. நானாவோன்னு நினைச்சிட்டேன்."