மந்திரியாக நின்ற கொட்டைப்பாக்கு

நம் வீட்டுச் சதுரங்கப் பெட்டியில் காய்களோடு ஒரு கொட்டைப்பாக்கும் கிடக்கிறதே, தூக்கிப் போடட்டுமா என்று நேற்று கேட்டீர்கள். போடக்கூடாது. ஏன் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அன்றைக்கு வரவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் நான் ஓசூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு ஷெட்டில் பஸ் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மாவைப் பெண் பார்த்தாகிவிட்டது. அவளுக்கும் சம்மதம். அவளுடைய அப்பாதான் பதில் சொல்லவில்லை. தொரப்பள்ளிப் பக்கம் ராகி போடுகிறவர், தூரத்து உறவில் எனக்கு மாமா முறை. கேட்டால், "ராகி அறுப்பு முடியட்டும்" என்பார். எங்கள் வீட்டார் இரண்டாவது தடவை போனபோது, "பையன் நல்லவன்தான். ஆனா எப்பப் பாத்தாலும் பஸ்ஸுக்கு அடியிலதான கெடக்கறான்" என்றாராம். அது என் வேலை.

அந்தச் சமயம் நம் நாட்டுச் சதுரங்க ஆட்டக்காரர்கள் அணியாக ஒரு குளிர் தேசத்துக்குப் போயிருந்தார்கள். பல நாட்டு அணிகள் மோதும் போட்டி. மாமாவுக்கு அந்த ஞாபகமாகவே இருந்தது. காலையிலேயே ஊரிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார். பெங்களூர் பஸ் வந்து நின்றதும் டிரைவர் இறங்குவதற்கு முன்னால் கையை நீட்டி இங்கிலீஷ் பேப்பரை வாங்கிவிடுவார். இங்கிலீஷ் தெரியாது. சதுரங்கப் படம் போட்டிருந்தால் போதும், அதைப் பார்த்து டீக்கடை பெஞ்சில் துணிப் பலகையை விரித்துக் காய்களை அடுக்கிவிடுவார்.

ஒரு நாள் அப்படி ஒரு படம் வந்தது. ஆட்டம் முடிவதற்குள் நேரமாகிவிட்டால் அப்படியே நிறுத்தி, பிறகு தொடர்வார்கள். நிறுத்திய இடம் அது. நம்மவருக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும். எதிராளிக்கும் அதேதான். இரண்டு சிப்பாய்களும் கடைசிக் கட்டத்தை நோக்கி ஓடுகின்றன. நம்முடையது ஒரு அடி முந்தி. அடுத்த நாள் பேப்பரில் முடிவு இல்லை.

"நாமளே ஆடிப் பாத்துடலாம்" என்றார் மாமா. அவர் இந்தியா. எதிர்ப்பக்கம் உட்கார ஆள் கிடைக்கவில்லை.

"எனக்குப் பால் பொங்குது" என்றார் டீ மாஸ்டர்.

பக்கத்தில் இருந்த வெற்றிலைக்காரர், "நான் சுதந்தரத்துக்கு ஜெயிலுக்குப் போனவன்பா. என்னப் போயி அந்தப் பக்கம் ஒக்காரச் சொல்றீங்களே" என்றார்.

"அப்ப அந்த பஸ்ஸுக்கு அடியில கெடக்கறவனக் கூப்புடு" என்றார் மாமா.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். விட்டுக்கொடுத்தால் அவருக்கு உடனே தெரிந்துவிடும். ஜெயித்தால் பெண் போச்சு. எனக்கோ ஜெயிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஏனென்றால் எங்கள் ஊர் ஆட்டத்தில், சிப்பாய் கடைசியில் எந்தக் கட்டத்தை எட்டுகிறதோ, ஆட்டத் தொடக்கத்தில் அங்கே நிற்கும் காயாகத்தான் மாறும். யானைக் கட்டம் என்றால் யானை, குதிரைக் கட்டம் என்றால் குதிரை. நீங்கள் ராணி என்கிறீர்களே, அதுதான் எங்களுக்கு மந்திரி. உலகமெல்லாம் இந்த வழக்கம்தான் என்று இருந்தோம். இந்தியாவின் சிப்பாய் குதிரைக் கட்டத்தில் ஏறிக் குதிரையானது. என்னுடையது அடுத்த நகர்த்தலில் மந்திரி கட்டத்தில் ஏறி மந்திரியானது. மந்திரிக்கு முன்னால் ஒற்றைக் குதிரை எத்தனை நேரம் தாங்கும்?

"இந்தியா தோத்துடுச்சுப்பா" என்று டீ மாஸ்டர் ரோட்டைப் பார்த்து அறிவித்தார்.

மாமா துணியை மடித்தார். "ராகி அறுப்புக்கு அப்புறமும் வேல நெறைய கெடக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பஸ்ஸுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. பெங்களூர் பஸ் கண்டக்டர்தான் படித்துச் சொன்னார்.

"யஜமான்ரே, நம்மவரு கெத்துபிட்டாரு! ஜெயிச்சாச்சு! சிப்பாயி ராணி ஆய்த்து."

"எந்தக் கட்டத்துல?"

"குதிரைக் கட்டத்துலதான்."

"அச்சுல தப்பா உழுந்திருக்கும்" என்றார் டீ மாஸ்டர்.

"இல்லப்பா. பெங்களூர் கிளப்புல பாத்திருக்கேன். எந்தக் கட்டத்துக்குப் போனாலும் ராணி ஆவலாம். எல்லா தேசத்துலயும் அதே ரூலு."

மாமா பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறி ஆடை கட்டியது. பிறகு ஷெட் பக்கம் திரும்பி, "ஏம்பா, வெளிய வா" என்றார்.

அதே காய்கள், அதே இடம், அதே எதிர்ப்பக்கம் நான். அவருடைய சிப்பாய் குதிரைக் கட்டத்தில் ஏறியது. வெட்டுப்பட்டு ஓரமாகக் கிடந்த மந்திரியை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இவன் செத்தவன். செத்தவனை எப்பிடி எழுப்பறது? இது புதுசா வந்த ஆளு."

மடியிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, அதிலிருந்த ஒரே கொட்டைப்பாக்கை எடுத்துக் கட்டத்தில் வைத்தார். இந்தத் தடவை தோற்பதற்கு நான் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. பாக்கு செக் மேல் செக் வைத்தது; நான் ராஜாவையே நகர்த்திக்கொண்டிருந்ததில் என் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்கு ஒரு அடி முன்னாலேயே நின்றுவிட்டது. அதைப் பாக்கு வெட்டியது. பிறகு என் ராஜாவை மூலைக்கு ஓட்டிக்கொண்டு போய்க் கட்டிப்போட்டது.

"இந்தியா செயிச்சிடுச்சு" என்றார் டீ மாஸ்டர், இப்போதும் ரோட்டைப் பார்த்துத்தான்.

மாமா துணியை மடித்தார். "வெள்ளிக்கெழம ஒங்க வூட்டுப் பெரியவங்கள வரச் சொல்லு."

"ராகி அறுப்பு மாமா?"

"அது நிக்கும் போப்பா."

பெஞ்சில் கிடந்த பாக்கை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"அது மந்திரிப்பா. நீயே வச்சிக்க" என்றார்.

அன்றைக்கு அவர் வெறும் வெற்றிலையை மென்றுகொண்டுதான் ஊருக்குப் போனார்.