கடிகாரத்தில் நான் அழித்த எழுத்துகள்

இது நடந்தது 2013-இல். அப்போது நாகர்கோவிலில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் எனக்குப் பழைய கைக்கடிகாரங்கள்மேல் ஒரு பித்து. சாவி கொடுத்து ஓடும் பழைய சுவிஸ் கடிகாரம் ஒன்றாவது வாங்கிவிட வேண்டும் என்று ஆறு மாதமாக இணையத்தில் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் பாதிக்குமேல் எச்சரிக்கைதான். முள்ளை மாற்றியிருப்பார்கள், டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து ஒரிஜினல் என்று தலையில் கட்டுவார்கள், அதிலும் பம்பாயிலிருந்து வருவதை நம்பவே நம்பாதே, கதை சொல்லி விற்பவனிடம் கூடுதல் கவனமாக இரு. படிக்கப் படிக்க, கடிகாரம் வாங்கும் ஆசையைவிட ஏமாந்துவிடக் கூடாது என்ற எண்ணமே பெரிதாகிவிட்டது.

ஒருநாள் கடைக்குக் கண்ணாடி போட ஒரு பெரியவர் வந்தார். குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவர். அவர் கையில் கிடந்ததைப் பார்த்ததும் எனக்குக் கண் அங்கேயே நின்றுவிட்டது. நான் படத்தில் மட்டும் பார்த்திருந்த அதே சுவிஸ் கம்பெனிக் கடிகாரம். விசாரித்தேன். "இதுல மணி பாக்க இப்ப கண்ணு எட்டல்ல மக்களே. வித்துட்டு பெரிய எழுத்துள்ளதா ஒண்ணு வாங்கணும்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், அவர் சொன்ன அடையாளத்தை வைத்து வீட்டைத் தேடிப் போய்விட்டேன்.

அவர் மனைவி பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தார். பெரியவர் ஒரு துவர்த்துத் துண்டை விரித்து அதன்மேல் கடிகாரத்தை வைத்தார். கப்பலில் வேலை பார்த்த அண்ணன், இவருடைய கல்யாணத்துக்கு வாங்கிவந்ததாம். நாற்பது வருடமாகிறதாம். அண்ணன் இப்போது பம்பாயில் இருக்கிறாராம்.

பம்பாய் என்றதுமே எனக்குள் மணி அடித்தது. கதையும் வந்தாயிற்று. கடிகாரத்தைக் கையில் எடுத்தேன். டயல் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. உப்புக் காற்றில் நாற்பது வருடம் கிடந்த டயல் இப்படியா இருக்கும்? கேட்டேன். கடலுக்குக் கட்டிக்கொண்டு போனதே இல்லை, ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கும் டவுனுக்குப் போகும்போதும் மட்டும்தான் கட்டுவேன், மற்ற நாளெல்லாம் பவுடர் டப்பாவுக்குள் இருக்கும் என்றார். தயாராக வைத்திருந்த பதில் போல எனக்குத் தோன்றியது. என்ன விலை என்று கேட்டதற்கு, "ஒனக்குத் தோணுறதத் தா" என்றார். அதுவும் சந்தேகமாகவே பட்டது. உண்மையைச் சொன்னால், வள்ளத்தில் போகிறவர் கையில் இப்படி ஒரு கடிகாரம் எப்படி வந்திருக்கும் என்ற நினைப்பும் உள்ளுக்குள் இருந்தது. இப்போது எழுதும்போது கூசுகிறது.

கடிகாரத்தின் மேல்கண்ணாடியைக் கழற்றிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் பேனாக்கத்தியால் மேல்வளையத்தை நெம்பிக் கழற்றினார். நான் பையிலிருந்த லென்ஸை எடுத்துப் பார்த்தேன். எழுத்தெல்லாம் சுத்தமாக இருந்தது. கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் மங்கலாக ஒரு கறை. துடைத்துப் பார்க்கட்டுமா என்றேன். பாரு என்றார். மூக்குக் கண்ணாடி துடைக்கிற திரவம் எப்போதும் என் பையில் இருக்கும். பஞ்சில் ஒரு சொட்டு விட்டு மெதுவாக ஒற்றி இழுத்தேன்.

கறையோடு கம்பெனிப் பெயரில் பாதியும் வந்துவிட்டது. பஞ்சில் கறுப்பு மை.

ஒரு நொடி திக்கென்றது. மறு நொடியே, பிடித்துவிட்டேன் என்ற நினைப்பு வந்தது. "பாத்தீங்களா அண்ணாச்சி? இது ஒரிஜினல் டயல் இல்ல. பெயின்ட் அடிச்சது. ஒங்க அண்ணன் ஒங்கள நல்லா ஏமாத்தியிருக்காரு" என்றேன். அவர் பஞ்சையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கடிகாரத்தைத் துண்டின்மேல் வைத்துவிட்டு எழுந்தேன். தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில் பஸ் ஏறினேன்.

மூன்று வாரம் கழித்து, கோட்டாறில் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவரிடம், நல்ல கடிகாரம் எதுவும் வந்தால் சொல்லுங்கள் என்று கேட்கப் போனேன். பேச்சுவாக்கில் என் சாமர்த்தியத்தையும் அவிழ்த்துவிட்டேன். அவர் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார்.

"நனைச்சா தொடைச்சிய?"

ஆமாம் என்றேன்.

"கம்பெனி அடிச்ச எழுத்தும் மைதானே? பழைய ஒரிஜினல் டயலுல ஈரம் பட்டாலே போவும். அத வச்சு டூப்ளிகேட்டுன்னு யாரு சொன்னா?"

அவ்வளவு படித்தவள் இதைப் படிக்கவில்லை. இல்லை, படித்தும் மனதில் ஏறவில்லையோ என்னவோ. மறுநாளே லீவு சொல்லிவிட்டு அந்த ஊருக்குப் போனேன்.

வாசலில் என்னைப் பார்த்ததும் பெரியவரின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்தான் சொன்னார். நான் போன அன்றைக்கே பெரியவர் பம்பாய்க்கு ஃபோன் போட்டு, நாற்பது வருடமாக என்னை முட்டாளாக்கிவிட்டாயே என்று அண்ணனிடம் சத்தம் போட்டிருக்கிறார். அண்ணன் பாதியிலேயே ஃபோனை வைத்துவிட்டார். அதன்பிறகு பேச்சே இல்லை. வருடா வருடம் ஊர்த் திருவிழாவுக்கு வருகிறவர், இனி அந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்று வேறு யார் மூலமோ சொல்லி அனுப்பிவிட்டாராம்.

ஒரு டயலைக் கெடுத்துவிட்டோம் என்று வருத்தப்பட்டுக்கொண்டு போனவள் நான். அங்கே கெடுத்திருந்தது வேறு.

பெரியவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது, கோட்டாறுக்கு ஒருமுறை வாருங்கள் என்று கெஞ்சினேன். அவருக்கு இப்போது என்மேல் சந்தேகம். "அன்னைக்கும் நீதானே சொன்ன? இன்னைக்கு சொல்லியத மட்டும் எப்படி நம்ப?" என்று கேட்டார். கடைசியில் அவர் மனைவிதான் பவுடர் டப்பாவை எடுத்து வந்து அவர் கையில் வைத்தார்.

கோட்டாறில் அந்தக் கடைக்காரர் கடிகாரத்தைப் பிரித்து, டயலைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் கம்பெனி முத்திரை. உள்ளே மெஷினிலும் அதே முத்திரை. முள், மூடி எல்லாமே முதலில் வந்தவைதான், டயலில் மறுபடி பெயின்ட் அடித்த தடமே இல்லை என்றார். பிறகு டயலின் முன்பக்கத்தைப் பார்த்து, "இத மட்டும் யாராலயும் பழயபடி ஆக்க முடியாது" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

பெரியவர் அங்கே நின்றே அண்ணனுக்கு ஃபோன் போட்டார். அண்ணன் எடுத்ததும் ஃபோனை என்னிடம் நீட்டினார். "நீயே சொல்லு." முகம் தெரியாத ஒருவரிடம், நான் யார், என்ன செய்தேன், எப்படித் தெரியாமல் சொன்னேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டு முடித்ததும் அண்ணன், "எனக்க தம்பிகிட்டக் குடு" என்றார். பெரியவர் ஃபோனோடு தெருவில் இறங்கி, சுவரைப் பார்த்து நின்று பேசினார். முதுகு மட்டும் தெரிந்தது.

கெடுத்ததற்கு ஈடாக, அவர் கேட்கிற விலைக்கு அந்தக் கடிகாரத்தை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் அதைக் கையில் கட்டிக்கொண்டே, "இனி இது விக்கதுக்கு இல்ல மக்களே" என்றார்.

அந்த வருடத் திருவிழாவுக்கு அண்ணன் வரவில்லை. அடுத்த வருடம் வந்தார் என்று, கண்ணாடி மாற்ற வந்தபோது பெரியவர் சொன்னார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

பிறகு இரண்டு மூன்று பழைய கடிகாரங்கள் வாங்கிவிட்டேன். இன்றும் சந்தேகத்தோடுதான் போகிறேன், லென்ஸ் வைத்துத்தான் பார்க்கிறேன். ஆனால் அரைகுறையாகத் தெரிந்த ஒன்றை இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்து நிச்சயம் போலச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், சுவரைப் பார்த்து நின்ற அந்த முதுகு நினைவுக்கு வந்து என்னை நிறுத்திவிடுகிறது.